பொட்டோசி: வெள்ளி போன வழியில் ஒரு பகல்

ஸ்பானிய மொழியில் ஒரு பொருள் விலைமதிக்க முடியாதது என்று சொல்ல வேண்டுமானால், "அது ஒரு பொட்டோசி பெறும்" என்பார்கள். செர்வாந்தெஸ் 1615இல் வெளியிட்ட 'டான் குவிக்ஸாட்' இரண்டாம் பாகத்திலேயே பொட்டோசியின் சுரங்கங்கள் செல்வத்தின் உச்ச அளவையாக வந்துவிடுகின்றன. அப்போது அந்த ஊருக்கு வயது எழுபதுதான். மெத்தப் பழைய நகரங்கள் பல அடையாத சொல்லாட்சியை, தென்னமெரிக்க மலையுச்சியில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் ஊர் எழுபதே ஆண்டுகளில் அடைந்தது எப்படி என்பது வரலாற்றில் ஆர்வமுள்ளோர் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி, கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் சற்று மேலே அமைந்துள்ளது. கடற்கரையில் வாழ்பவனுக்கு ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளியில் ஏறத்தாழ 60 சதவீதமே அங்கே கிடைக்கும். நெல்லோ கோதுமையோ விளையாத நிலம். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எடுக்கப்பட்ட குடிக்கணக்கு 1,60,000 பேர் வாழ்ந்ததாகச் சொல்கிறது. அக்காலத்து ஐரோப்பாவிலேயே அவ்வளவு மக்கள்தொகை கொண்ட நகரங்கள் மிகச் சில.

பொட்டோசிக்கு வருகின்ற பயணிகளில் பலர் ஒரு பகலுக்கு மேல் தங்குவதில்லை. உயுனி உப்புவெளிக்கோ சூக்ரே நகருக்கோ போகிற வழியில் இறங்கி, பழைய நாணயச்சாலையைப் பார்த்து, தேவாலயங்களைப் படமெடுத்து, நேரமிருந்தால் சுரங்கத்துக்குள்ளும் தலையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பகல் போதாதுதான். ஆனால் அந்த ஒரு பகலையும் எந்த வரிசையில் செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து நாம் காணும் நகரம் மாறிவிடுகிறது. நாணயத்தில் தொடங்கினால் பொட்டோசி ஓர் அருங்காட்சியகம். மலையில் தொடங்கி, வெள்ளி எந்த வழியாக நாணயமாயிற்றோ அதே வழியில் நடந்து வந்தால், ஒவ்வொரு நிலையிலும் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது விடப்பட்டது என்பது தெரியவரும். இக்கட்டுரை அந்த இரண்டாம் வரிசையைப் பின்பற்றுகிறது.

காலை: மலை

நகரின் தெற்கே செம்பழுப்பு நிறக் கூம்பாக நிற்கிறது அந்த மலை. ஸ்பானியர் இட்ட பெயர் செர்ரோ ரிக்கோ, அதாவது செல்வ மலை. கெச்சுவா மொழியில் சுமக் ஓர்க்கோ, அழகிய மலை. ஒரே குன்றுக்கு இரு மொழியார் இட்ட பெயர்களே இரு பார்வைகளைச் சொல்லிவிடுகின்றன.

மலையில் வெள்ளி இருப்பதை 1545இல் முதலில் கண்டவர் தியேகோ உவால்பா என்னும் பூர்வகுடி. காணாமற்போன லாமாவைத் தேடிச் சென்றவர் இரவில் மூட்டிய தீயில் வெள்ளி உருகி ஓடியது என்பது பரவலாக அறியப்பட்ட கதை. ஆனால் முதுமையில் நோயுற்றிருந்தபோது, 1572இல், அவர் தந்த வாக்குமூலம் வேறு விதமானது. மலையுச்சியில் ஒரு வழிபாட்டிடம் இருந்தது. அங்கிருந்து இறங்கும்போது பெருங்காற்று தன்னைத் தரையில் தள்ளியது. ஊன்றிய கையில் தாது அகப்பட்டது என்கிறார் அவர். கண்டவர் உவால்பா, ஆனால் சுரங்க உரிமையைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டவர் ஹுவான் தெ வில்லரோயெல் என்னும் ஸ்பானியர். நாம் தேடும் பெயர்க்கணக்கு இங்கேயே தொடங்குகிறது.

இன்னொரு கதையும் உண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இன்கா மன்னர் உவாய்னா கப்பாக் இம்மலையைத் தோண்ட ஆளனுப்பியதாகவும், "இது உங்களுக்கானதன்று, தொலைவிலிருந்து வருவோருக்கானது" என்னும் பொருளில் மலை இடிபோல முழங்கியதாகவும் அது கூறும். வென்றவனுக்கு மலையே பட்டா எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் இக்கதை எழுத்தில் நிலைபெற்றது வெற்றிக்குப் பிறகுதான் என்பதை மறக்கலாகாது.

முதல் கால் நூற்றாண்டில் வெள்ளியைப் பிரிக்கும் நுட்பம் பூர்வகுடிகளின் கையில் இருந்தது. காற்று என்று பொருள்படும் 'வைரா' என்னும் பெயரில் துளைகள் கொண்ட சிறு சூளைகளை மலைச்சரிவில் காற்று வீசும் திசை பார்த்து வைத்துத் தாதுவை உருக்கினர். ஸ்பானியரின் துருத்தி உலைகள் அந்த உயரத்தில் தோற்றுப்போக, வைராக்கள் எரிந்தன. இரவில் மலை முழுதும் ஆயிரக்கணக்கான சுடர்கள் மின்னியதைக் கண்டவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வியப்புக்கு நடுவிலேயே, 1550இல், தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்னும் துறவி ஸ்பெயினுக்கு எழுதிய கடிதத்தில் இம்மலையை நரகத்தின் வாயாகச் சித்திரித்தார்.

மேற்பரப்பில் கிடைத்த வளமான தாது தீர்ந்ததும் நிலைமை மாறியது. 1570களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 'மீத்தா' முறையை ஒழுங்குபடுத்தினார். இன்காக்கள் காலத்தில் மீத்தா என்பது ஊர்கள் முறைவைத்து அரசுக்குச் செய்யும் பொதுப்பணி. அரசும் அவர்களுக்கு உணவும் உடையும் தந்து ஈடு செய்தது. தொலேதோ பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். கூஸ்கோ வட்டாரத்திலிருந்து தெற்கே பரந்த 16 மாநிலங்கள் தம் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் பொட்டோசிக்கு அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 13,500 பேர். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது சட்டம். ஓய்வு வாரங்களிலும் பிழைப்புக்காகக் கூலிக்கு உழைக்க வேண்டியிருந்தது என்பது நடைமுறை. தித்திகாகா ஏரிக்கரை ஊர்களிலிருந்து மனைவி மக்களோடும் லாமாக்களோடும் வர ஏறத்தாழ இரண்டு மாத நடை. பலர் திரும்பவில்லை. இறந்தவர்கள் உண்டு, திரும்பினால் மறுபடியும் பெயர் வரும் என்று அஞ்சி வேற்றூரில் அந்நியராய்த் தங்கிவிட்டவர்களும் உண்டு.

உள்ளே அவர்கள் பட்ட பாட்டை 1590இல் வெளிவந்த தம் நூலில் ஹொசே தெ அகோஸ்தா விவரித்திருக்கிறார். பச்சைத்தோலை முறுக்கிச் செய்த ஏணிகள், முதுகில் தாதுமூட்டை, கட்டைவிரலில் கட்டிய மெழுகுவர்த்தி. இன்று போகிறவர் காண்பது அதே மலையின் வேறு காலம். 1985இல் தகரத்தின் விலை வீழ்ந்ததும் அரசுச் சுரங்கங்கள் மூடப்பட, வேலையிழந்தவர்களும் பிறரும் கூட்டுறவுகளாய் மலையைத் தோண்டிவருகிறார்கள். துத்தநாகம், ஈயம், தகரம், மிச்சமுள்ள வெள்ளி ஆகியவை கிடைக்கின்றன. பாறைத்தூசு படிந்து நுரையீரல் கெட்டுப்போவது இங்கே தொழிலோடு வரும் நோய். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடையப்பட்ட மலையின் உச்சி 2011இல் ஓரிடத்தில் உள்வாங்கியது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமான நகரத்தை, கட்டுப்பாடற்ற சுரங்க வேலையைக் காரணம் காட்டி 2014இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ.

சுரங்கங்களுக்குள் கொம்பு முளைத்த களிமண் உருவம் ஒன்று அமர்ந்திருக்கும். பெயர் தீயோ, ஸ்பானிய மொழியில் மாமன், சித்தப்பன் போன்ற உறவுமுறைச் சொல். கோக்கா இலையும் சாராயமும் பற்றவைத்த சுருட்டும் அதற்குப் படையல். கடவுளைக் குறிக்கும் 'தியோஸ்' என்னும் ஸ்பானியச் சொல்லின் முதலெழுத்தான மெல்லிய ஒலி கெச்சுவாவில் இல்லாமையால் அது 'தீயோ' எனத் திரிந்தது என்றொரு கருத்து உண்டு. மேலே தேவாலயத்தின் ஆட்சி, கீழே தீயோவின் ஆட்சி என்பதில் தொழிலாளிக்குக் குழப்பம் ஏதுமில்லை.

சுரங்கத்துக்குள் போவது சரியா என்ற கேள்வி பயணிகளுக்குள் எழுவதுண்டு. பிறர் துன்பத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது அநாகரிகம் என்பது ஒரு தரப்பு. பார்க்காமலே போவது அதைவிட வசதியான அநாகரிகம் என்பது மறுதரப்பு. வாசலில் நின்று உள்ளே போகிறவர்களைப் பார்த்தாலும் போதும், ஆனால் நாணயச்சாலைக்கு முன்பாக இங்கே வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. உழைப்பைக் கண்டபின் பொருளைக் காண்பதற்கும், பொருளைக் கண்டு மயங்கியபின் உழைப்பைக் காண்பதற்கும் வேறுபாடு பெரிது.

நண்பகல்: நீரும் பாதரசமும்

மலையிலிருந்து நகருக்கு இறங்குகையில், தென்கிழக்கே காரி-காரி மலைத்தொடர் தெரியும். அதன் மடிப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட செயற்கை ஏரிகள் 1570களிலிருந்து கட்டப்பட்டன. அவற்றின் நீர் ஒரு கால்வாய் வழியாக நகரின் ஊடே ஓடி, கரையோரம் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட தாது ஆலைகளைச் சுழற்றியது. அந்தக் கரைக்கு ரிபேரா என்று பெயர். ஒருபுறம் ஸ்பானியர் வாழ்ந்த நகரம். மறுபுறம் மீத்தாவுக்கு வந்தவர்களின் குடியிருப்புகள், ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்ட 14 பங்குகளாக.

ஆலையில் இடித்துப் பொடியாக்கிய தாதுவோடு உப்பும் பாதரசமும் சேர்த்துக் குழைப்பார்கள். வெறுங்காலால் மிதித்துக் குழைத்தவர்கள் பூர்வகுடித் தொழிலாளர். பின்பு கலவையைக் கழுவி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டினால் வெள்ளி எஞ்சும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் உடலில் எஞ்சியதைப் பற்றி ஆலைக்கணக்குகள் பேசுவதில்லை. பாதரசம் வந்தது இன்றைய பெருவிலுள்ள உவாங்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து. அங்கும் மீத்தாதான்.

1626 மார்ச் 15 அன்று சான் இல்தெபோன்சோ ஏரியின் அணை உடைந்தது. வெள்ளம் ரிபேராவின் ஆலைகளையும் கரையோர வீடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆலைகள் சில ஆண்டுகளில் மீண்டும் எழுந்தன. சிதைந்த சுவர்களும் ஆலைகளின் எச்சங்களும் இன்றும் அங்கங்கே காணக்கிடைக்கின்றன.

இந்த இடத்தில் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொட்டோசியில் எண்பது லட்சம் பேர் மாண்டனர் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. எடுவார்தோ கலியானோவின் 1971ஆம் ஆண்டு நூல் வழியே அது உலகெங்கும் பரவியது. வரலாற்றாய்வாளர்கள் இந்த எண்ணை ஏற்பதில்லை. ஆண்டெஸ் மக்கள்தொகையின் பெருவீழ்ச்சிக்கு அம்மை முதலிய கொள்ளைநோய்கள் முதன்மைக் காரணம். அன்றியும், சுரங்கத்தில் உழைத்தோர் எல்லாரும் மீத்தாவினர் அல்லர். மிங்கா எனப்பட்ட கூலியாட்கள் பேரம் பேசி வேலை செய்தார்கள். சனி இரவு முதல் ஞாயிறு வரை சுரங்கத்துக்குள் புகுந்து தமக்கெனத் தாது எடுத்த 'கக்சா'க்கள் 18ஆம் நூற்றாண்டில் ஒரு தனிச் சக்தியாகவே விளங்கினர். எண்பது லட்சம் என்று சொல்லிவிடும்போது துயரம் பெரிதாகத் தெரிகிறது. துயரப்பட்டவர்களோ, தந்திரமும் பிடிவாதமும் பேரமும் கொண்ட மனிதர்களாகத் தெரியாமல் போகிறார்கள். மீத்தாவின் கொடுமையை நிறுவ மிகை எண் வேண்டியதில்லை. அது 1812இல் ஸ்பெயினின் காதிஸ் சபை ஒழிக்கும்வரை ஏறத்தாழ 240 ஆண்டுகள் நீடித்தது என்ற ஒரு செய்தியே போதும்.

பிற்பகல்: அக்கசாலை

நகரச் சதுக்கத்தை ஒட்டிய பெரிய கற்கட்டடம் காசா தெ லா மொனேதா, நம் பழஞ்சொல்லில் அக்கசாலை. முதல் நாணயச்சாலை 1570களில் தொடங்கியது. இப்போது அருங்காட்சியகமாக இருப்பது 1773இல் முடிந்த இரண்டாவது. முற்றத்தின் நுழைவில் புன்முறுவலா ஏளனமா என்று முடிவு செய்ய முடியாத ஒரு பெரிய முகமூடி 1856 முதல் தொங்குகிறது. மேல்தளத்தில் வெள்ளிப்பாளத்தைத் தகடாக்கும் மாபெரும் மரப்பற்சக்கரங்கள். கீழ்த்தளத்தில் அவற்றைச் சுழற்ற வட்டமாய் நடந்த கோவேறு கழுதைகளின் தடம். நாணயச்சாலைப் பணியில் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தனர்.

இங்கு அடிக்கப்பட்ட எட்டு ரெயால் நாணயத்தைக் கூர்ந்து பார்ப்பவர் மூன்று குறிகளைக் காணலாம். மன்னனின் பெயர், நாணயச்சாலையின் குறி, மாற்றைச் சோதித்தவரின் முதலெழுத்து. மாற்றுக் காண்பவரைப் பழந்தமிழ் வண்ணக்கர் என்றது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் அச்சொல் ஒட்டியிருக்கிறது. பொட்டோசி வண்ணக்கரின் முதலெழுத்து பொறுப்பின் அடையாளம். 1640களில் நாணயத்தில் வெள்ளி குறைவது வெளிப்பட்டு ஐரோப்பியச் சந்தைகள் பொட்டோசிக் காசை மறுத்தபோது, அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி நெஸ்தாரெஸ் மரின், வெள்ளி வணிகரான பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சாவையும் வண்ணக்கர் ராமிரெஸ் தெ அரெல்யானோவையும் மரண தண்டனைக்கு உள்ளாக்கினார். 1652இல் தூண்களும் அலைகளும் கொண்ட புதிய வடிவில் நாணயம் வந்தது. மோசடி செய்தவரின் பெயர்கூட வெள்ளியில் நிலைத்துவிட்டது; வெள்ளியை எடுத்தவரின் பெயருக்கு அதில் இடமில்லை.

அந்த நாணயங்கள் போன தூரம் வியப்பூட்டுவது. லாமா முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும் கடற்கரை சேர்ந்து, பனாமா வழியே ஸ்பெயின் போயின. அங்கிருந்து அரசனின் போர்க்கடனுக்காக ஜெனோவா வங்கியாளரிடமும், ஆம்ஸ்டர்டாம் சந்தைக்கும் சென்றன. மணிலா வழியாகச் சீனத்துக்குப் போனதும் அமெரிக்க வெள்ளியே. சூரத்திலும் வங்காளத்திலும் அது உருக்கப்பட்டு முகலாய ரூபாயானது. சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்த டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் கப்பல்களிலும் எட்டு ரெயால் காசுகள் இருந்தன. தறிக்காரர் கைக்கு வந்துசேர்ந்த மதிப்பின் மறுமுனையில் கட்டைவிரலில் மெழுகுவர்த்தி கட்டிய ஒருவர் இருந்தார் என்பதை இருவரும் அறிந்திருக்க வழியில்லை.

அருங்காட்சியகத்தில் தவறவிடக்கூடாத ஓவியம் 'மலையன்னை'. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரைந்தவர் பெயர் தெரியாது. செர்ரோ ரிக்கோவே கன்னிமரியின் ஆடையாக விரிய, உச்சியில் முகமும் இருபுறம் கைகளும் மட்டும் தெரிகின்றன. ஆடையில் பாதைகள், லாமாக்கள், சிறு மனிதர்கள். இருபுறமும் ஞாயிறும் திங்களும். கீழே போப்பாண்டவரும் பேரரசரும் மண்டியிட்டிருக்கிறார்கள். கிறித்தவர் கண்ணுக்கு மரியாகவும், ஆண்டெஸ் மக்கள் கண்ணுக்கு நிலத்தாயான பாச்சமாமாவாகவும் ஒரே நேரத்தில் தெரியும் உருவம். பேரரசர் யாரை வணங்குகிறார் என்று ஓவியர் சொல்லவில்லை.

மாலை: கோயில் வாயில்

வெயில் சாயும் நேரத்துக்கு சான் லொரென்சோ தேவாலயத்தின் முகப்பு. 1728க்கும் 1744க்கும் இடையில் பூர்வகுடிக் கைவினைஞர் செதுக்கியது. ஞாயிறு, திங்கள், விண்மீன்கள், முறுக்குத்தூண்கள் இவற்றோடு மேலே இரு கடற்கன்னியர் கிதார் போன்ற சிறு நரம்புக்கருவியை இசைக்கின்றனர். கடலே இல்லாத மலையுச்சியில் கடற்கன்னி எதற்கு என்று கேட்கத் தோன்றும். தித்திகாகா ஏரியைச் சார்ந்த தொன்மங்களில் நீர்ப்பெண்கள் உண்டு என்பதை ஆய்வாளர்கள் சுட்டுவர். ஏரிக்கரையிலிருந்து மீத்தாவுக்கு நடந்து வந்தவர்கள் தம் ஏரியை இந்தக் கல்லில் இறக்கிவைத்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

சற்றுத் தொலைவில் 1707இல் முடிந்த சேசு சபைக் கோபுரம். கட்டியவர் செபஸ்தியான் தெ லா குரூஸ் என்னும் பூர்வகுடிச் சிற்பி. பெயர் தெரிந்த அரிய கைகளில் ஒன்று அவருடையது. கோபுரத்தின் மேலேறினால் ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் மலை நிற்பது தெரியும். நகரத்தில் மலை தெரியாத தெரு அரிது.

ஏட்டில் இருக்கும் ஊர்

ஒரு பகலில் பார்க்க முடியாத பொட்டோசி ஒன்று உண்டு. அது ஏட்டில் இருப்பது. 1676இல் இந்நகரில் பிறந்த பார்த்தொலோமே அர்சான்ஸ் தெ ஓர்சுவா இ வேலா, 1705 முதல் 1736இல் இறக்கும்வரை தம் ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டே இருந்தார். வெள்ளமும் கொலையும் காதலும் ஊர்வலமும் அற்புதங்களும் நிறைந்த பெருநூல். அவர் சான்று காட்டும் ஆசிரியர்களில் சிலர் உண்மையில் இருந்தார்களா என்பதே ஐயத்துக்குரியது. அதனால் வரலாற்றாய்வாளர் அவரை எச்சரிக்கையோடே அணுகுவர். இலக்கிய வாசகருக்கு அதுவே அவரிடம் ஈர்ப்பு. அந்நூல் முழுமையாக அச்சேறியது 1965இல்தான், எழுதியவர் மறைந்து 229 ஆண்டுகளுக்குப் பின். உலகுக்கெல்லாம் காசு அடித்துக்கொடுத்த ஊர், தன் கதையை அச்சிட அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அர்சான்ஸின் நூலைவிட வறண்ட ஏடுகளும் உள்ளன. 1680களில் வைஸ்ராய் பலாத்தா பிரபு, மீத்தாவுக்கு ஆளனுப்பும் ஊர்களில் யார் இருக்கிறார், யார் ஓடிப்போனார் என்றறியக் குடிக்கணக்கு எடுக்க ஆணையிட்டார். அதன் ஏடுகள் இன்று புவனோஸ் ஐரெஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வேலைக்கு ஆள் பிடிக்க எடுத்த கணக்குதான். ஆனால் நாணயத்திலும் முகப்பிலும் ஓவியத்திலும் நாம் காணாதவை அதில் இருக்கின்றன: ஒவ்வோர் ஊரிலும் இருந்தவர்களின் பெயர், வயது, மனைவி, மக்கள், எந்தக் குலக்குழு. பெயர்கள் அழிந்துபோகவில்லை. பயணி நடக்கும் தெருவில் அவை இல்லை, அவ்வளவே.

செர்ரோ ரிக்கோவின் உருவம் இன்று பொலிவியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கிறது. அம்மலையைத் தோண்ட நாளைக் காலையும் ஆட்கள் போவார்கள்.